மறு அச்சு என்ற உறுதி

"தப்பு எங்களுடையது என்றால் மறுபடி அச்சிட்டுத் தருவோம்" என்று சொல்லும் அச்சகங்கள் பல. எவையெல்லாம் அவர்கள் தப்பு என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

எங்கள் சிற்றிதழின் கட்டைப் பிரித்தபோது சில பிரதிகளில் 32-ஆம் பக்கத்துக்கு அடுத்து 49 இருந்தது. அடுக்கும்போது 16 பக்க ஃபாரம் ஒன்று விடுபட்டிருக்கிறது. அட்டைப்படத்தில் முகத்தின் ஓரமெல்லாம் சிவப்பாக ஒரு நிழல். நான்கு வண்ணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் ரெஜிஸ்டர் விலகினால் இப்படித்தான் ஆகும்.

படமெடுத்து அனுப்பினேன். அச்சக உரிமையாளர் வாதாடவே இல்லை. "ஃபாரம் விட்டதைத் தனியா எடுத்து வைங்க சார், அட்டையை முழுசா திரும்ப ஓட்டிடறேன்" என்றார். அது சின்ன வேலை இல்லை. ஒட்டிய அட்டையைக் கிழித்தெடுத்து, புதியதை ஒட்டி, மூன்று ஓரமும் மறுபடி வெட்ட வேண்டும். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

எல்லாப் பழியையும் அச்சகத்தின் தலையில் போடுவதும் நியாயமில்லை. கம்ப்யூட்டர் திரை ஒளியால் காட்டும் நீலத்தை மையால் அப்படியே கொண்டுவர முடியாது. புரூஃபில் கையெழுத்துப் போட்ட பிறகு கண்ணில் படும் எழுத்துப்பிழை நம்முடையது. ஆனால் படம் தெளிவில்லை என்றால் பிளேட் போடும் முன்பே போன் செய்து சொல்லும் அச்சகம்தான் நல்ல அச்சகம்.

திருத்திய பிரதிகள் சந்தாதாரர்களுக்கு அடுத்த வாரம் தபாலில் வரும். பக்கம் விட்ட பிரதி யாருக்காவது வந்திருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள், மாற்றி அனுப்புகிறோம்.