தலைக்கு ஒரு நம்பர், வாலுக்கு ஒரு நம்பர்

அடுத்த முறை கொள்கலன் லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், திட்டுவதற்கு முன் அதன் எண்பலகையைக் கொஞ்சம் பாருங்கள். முன்னால் இழுத்துச் செல்லும் தலைக்கு, அதாவது பிரைம் மூவருக்கு, ஒரு நம்பர். பின்னால் வரும் டிரெய்லருக்கு 'டி' எழுத்தில் தொடங்கும் இன்னொரு நம்பர். சட்டத்தின் பார்வையில் இரண்டும் தனித்தனி வாகனங்கள். தனித்தனிப் பதிவு, தனித்தனி சாலை வரி, தனித்தனி புஸ்பாகோம் சோதனை. பல நேரம் முதலாளிகளும் வேறு வேறு. டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும் கொள்கலன் ஏதோ ஒரு கப்பல் நிறுவனத்துடையது. அதற்குள் இருக்கும் சரக்கு வேறொருவருடையது.

நம்முடைய மைவியை உரசுவது போல் கடந்து போகும் அந்த ஒரே வண்டியில் நான்கு பேருடைய சொத்து ஓடுகிறது. ஒன்று உடைந்தால், விழுந்தால், யாரையாவது இடித்தால் பொறுப்பு யாருடையது?

வானொலியில் எத்தனையோ கேள்விகளை நேயர்களிடம் கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டு வந்தவர் என் அண்ணன்.

நாங்கள் செமோர்க்காரர்கள். தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டம் கைமாறிய பிறகு குடும்பம் தாமானுக்கு வந்தது. எங்கள் பகுதிப் பையன்களில் பாதிப்பேர் தொழிற்சாலைக்குப் போனார்கள், மீதிப்பேர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்கள். கந்தான் பக்கம் சிமெண்டும் சுண்ணாம்பும், ஈப்போவில் ரயிலில் கொள்கலன் வந்து போகும் சரக்கு முனையம், தெற்கே கிள்ளான் துறைமுகம், வடக்கே பினாங்கு. லோரி ஓட்டத் தெரிந்தவனுக்கு இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை. அண்ணன் 14 ஆண்டுகள் மற்றவர்களின் லோரியை ஓட்டினார். பிறகு சேமிப்பைப் போட்டு, அண்ணியின் நகைகளை அடகு வைத்து, ஒரு பழைய பிரைம் மூவரை வாங்கினார். சின்னதாக ஒரு கம்பெனி பதிவு செய்தார். பெர்மிட்டுக்காகப் பல மாதங்கள் அலைந்தார். டிரெய்லர் வாங்கப் பணம் மிச்சமில்லை. வாடகைக்கு எடுப்பது என்று முடிவானது.

ஆங்கிலத்தில் ஆறு பக்க ஒப்பந்தம் ஒன்றை மேசையில் வைத்தார். "பாப்பா, நீதான் தினமும் ரேடியோவுல வாசிக்கிறியே. இதையும் வாசிச்சு சொல்லு."

நான் சட்டம் படித்தவள் இல்லை. ஊடகவியல் படித்தபோது ஒரு செய்தியைக் கையில் எடுத்ததும் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பத்திக்கும் அதில் முதல் கேள்வியை மட்டும் கேட்டேன். யார்?

டயர் பஞ்சரானால் யார்? வாடகைக்கு எடுத்தவர். பிரேக் லைனிங் தேய்ந்தால் யார்? வழக்கமான தேய்மானம் உரிமையாளருடையது, தவறாகப் பயன்படுத்திய சேதம் வாடகைக்கு எடுத்தவருடையது. எது வழக்கம், எது தவறு என்று யார் முடிவு செய்வது? உரிமையாளரின் மெக்கானிக். போலீஸ், ஜேபிஜே சம்மன் வந்தால்? வாடகைக்கு எடுத்தவர். விபத்து நடந்தால் காப்புறுதி போக முதலில் வரும் தொகை? அதுவும் அவரே. டிரெய்லரை இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடலாமா? கூடாது. தாய்லாந்து எல்லையைத் தாண்டலாமா? எழுத்து மூல அனுமதி இல்லாமல் கூடாது.

நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வரி என்னை நிறுத்தியது. டிரெய்லரை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாக வாடகைக்கு எடுப்பவர் ஒப்புக்கொள்கிறார். அதன் கீழே கையெழுத்துக்கான கோடு.

"ண்ணே, வண்டியப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல. சைன் பண்ணிட்டுப் போய் எடுக்கணும்."

மற்ற ஐந்து பக்கங்களும் அந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல நிலையில் பெற்றேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு கண்ணில் படும் ஒவ்வொரு கீறலும், ஒவ்வொரு விரிசலும் நம் கணக்கு. அண்ணனின் நண்பர் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். டிரெய்லரைத் தலையிலிருந்து கழற்றி நிறுத்தும்போது தாங்கும் கால் ஏற்கெனவே வளைந்திருந்தது. ஓட்டியவருக்குத் தெரியும், எடுத்துக் கொடுத்த ஆளுக்கும் தெரியும். தாளில் மட்டும் இல்லை. திருப்பிக் கொடுத்தபோது முன்பணம் திரும்பி வரவில்லை.

எங்கள் குடும்பத்துக்கு வாடகை என்பதே புதிய பாடம் என்று அன்று தோன்றியது. தோட்டத்தில் வீடு, குழாய்த் தண்ணீர், மருந்தகம், பிள்ளைக் கொட்டகை எல்லாமே தோட்டத்துடையது. கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்ல வேண்டும். அவர் துரையிடம் சொல்வார். மழைக்காலம் முடிவதற்குள் யாராவது வந்தால் அதிர்ஷ்டம். பொருள் நம்முடையதில்லை, அதனால் பழுதும் நம்முடையதில்லை என்ற பழக்கத்தில் இரண்டு தலைமுறை வாழ்ந்துவிட்டது. வாடகைக்கு எடுக்கிறவனின் கணக்கு வேறு. பொருள் அவனுடையதில்லை. பழுது மட்டும் அவனுடையதாகிவிடலாம்.

சனிக்கிழமை காலை யார்டுக்கு நானும் போனேன். அண்ணன் டிரெய்லரைச் சுற்றி வந்த விதத்தை இங்கே எழுதுகிறேன். லோரித் தொழிலில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு உதவலாம்.

முதலில் தாள்கள். டிரெய்லரின் சாலை வரி, காப்புறுதி, கடைசியாக புஸ்பாகோம் சோதித்த தேதி. வணிக வாகனங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்தச் சோதனை கட்டாயம். அடித்தளச் சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு டயர்கள். உள்பக்கத்து டயரைத்தான் குனிந்து பார்க்க வேண்டும், கெட்டதெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும் என்றார். சக்கர நட்டுகளைச் சுற்றித் துருக்கோடு ஓடினால் நட்டு தளர்ந்திருக்கலாம். அடுத்து காற்றுக்குழாய்கள். சிவப்புக் குழாய் காற்றைக் கொண்டு வரும், மஞ்சள் குழாய் பிரேக்குக்குக் கட்டளை கொடுக்கும். தலையோடு இணைக்கும் கிங்பின் தேய்ந்திருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, தாங்கு கால்கள் நேராக இறங்குகின்றனவா என்று பார்த்தார். இணைத்த பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக முன்னால் இழுத்துப் பார்த்தார். பூட்டு சரியாக விழவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். எல்லாவற்றையும் நான் தேதியோடு படம் எடுத்தேன்.

கடைசியாக டுவிஸ்ட் லாக். கொள்கலனின் நான்கு மூலைகளிலும் அடியில் ஓட்டை இருக்கும். டிரெய்லரில் இருக்கும் இரும்புத் தலை அதற்குள் நுழைந்து, பிடியைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லோரி முதலாளி 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 கொள்கலன்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். இன்றைய கொள்கலன் வணிகம் அங்கிருந்து வளர்ந்தது. அவரிடம் வேலை செய்த பொறியாளர் கீத் டான்ட்லிங்கர் உருவாக்கியதுதான் இந்த மூலைப் பூட்டு. கப்பலிலும் ரயிலிலும் லோரியிலும் ஒரே பெட்டியை மாற்றி மாற்றி ஏற்ற முடிவது அதனால்தான். 20 அடிக் கொள்கலன் சரக்கோடு சேர்த்து 30,480 கிலோ வரை இருக்கலாம். அந்தப் பாரம் வளைவில் சரியாமல் இருப்பது கையளவு இரும்புப் பூட்டுகளின் தயவில். காலிப் பெட்டிதானே என்று பூட்டாமல் போகிறவர்களும் உண்டு. கனமில்லாத பெட்டியைக் காற்று தூக்குவது இன்னும் சுலபம்.

எங்களுக்குக் காட்டிய டிரெய்லரில் ஒரு பூட்டு துருவேறித் திரும்பவே இல்லை.

"எப்பவும் இப்படித்தான். சுத்தியலால ஒரு தட்டு தட்டுனா சரியாயிடும்," என்று யார்டு ஆள் மலாயில் சொன்னார். வேறு டிரெய்லர் செவ்வாய்க்கிழமைதான் வரும். அண்ணனுக்கு முதல் வேலை திங்கட்கிழமை காலை, கந்தான் பக்கத்து ஒரு தொழிற்சாலையில். மாதத் தவணையும் நகைக்கடை வட்டியும் அந்த வேலையை நம்பி இருந்தன. அவர் அந்தப் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தொழிற்சாலைக்கு போன் போட்டு, செவ்வாய்தான் வர முடியும் என்றார்.

அந்த வேலை வேறொருவருக்குப் போனது. அண்ணி அன்று இரவு எதுவும் கேட்காமல் சோறு போட்டார். அதே தொழிற்சாலை மறுபடி அழைக்க இரண்டு மாதம் ஆயிற்று. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பொறுப்பாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அதை முதலில் கட்டுபவர் அந்தச் சங்கிலியில் பணம் குறைந்த ஆள்தான்.

ஆனாலும் எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு அண்ணன் ஏன் அப்படிச் செய்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வரும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை மெனோரா சுரங்கப்பாதையைத் தாண்டியதும் நீண்ட இறக்கம். ஒரு காலத்தில் அந்த இறக்கத்தின் அடியில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காத கனரக வாகனங்கள் இறங்கி வந்து சாவடியிலேயே மோதிய விபத்துகள் பல. 2009-இல் அந்தச் சாவடியையே அகற்றினார்கள். சாவடி போய்விட்டது, இறக்கம் அப்படியே இருக்கிறது. கெட்ட பிரேக்கோடு அதில் இறங்கும் டிரெய்லர், ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து நிற்காது.

2025-ஆம் ஆண்டு பேராக்கில் யாரும் மறக்க முடியாத ஆண்டு. மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதியதில் கலகத் தடுப்புப் போலீஸ்காரர்கள் 9 பேர் உயிரிழந்தார்கள். ஜூன் 9-ஆம் தேதி கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்தப் பேருந்தின் பெர்மிட் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது, ஓட்டியது வேறு நிறுவனம். பெர்மிட்டைக் குத்தகைக்கு விட்டது தெரிந்ததும் அதன் உரிமத்தை அபாட் ரத்து செய்தது. பெர்மிட்டை வாடகைக்கு விடுவது குற்றம். டிரெய்லரை வாடகைக்கு எடுக்கப் போகும் இடத்தில், "பெர்மிட்டும் சேத்துத் தர்றேன், உன் பேரு எதுலயும் வராது" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பி வந்துவிடுங்கள். பெயர் எங்கும் வராத வண்டியில் ஒரு விபத்து நடந்தால், தூக்கிச் செல்ல அங்கே இருப்பவர் ஓட்டுநர் மட்டும்தான்.

ஆஸ்திரேலியாவில் கனரக வாகனச் சட்டத்தில் 'பொறுப்புச் சங்கிலி' என்று ஓர் ஏற்பாடு உண்டு. சரக்கை அனுப்புபவர், பெட்டியில் அடுக்குபவர், ஏற்றுபவர், நேரம் குறித்துக் கொடுப்பவர், நிறுவனம் நடத்துபவர் என எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது. "எப்படியாவது திங்கட்கிழமை வந்து சேரணும்" என்று சொன்னவரையும் கேள்வி கேட்கலாம். கப்பலில் ஏறும் கொள்கலனின் எடையைச் சரிபார்த்துச் சொல்வது அனுப்புபவரின் கடமை என்று 2016 ஜூலை 1 முதல் உலகமெங்கும் விதி இருக்கிறது. நம் ஊரிலும் கேள்வி இப்போது ஓட்டுநரைத் தாண்டி நிறுவனங்களிடம் போகத் தொடங்கியிருக்கிறது. அதற்காகக் காத்திருக்காமல் வாடகைக்கு எடுப்பவரே செய்யக்கூடியவை சில உண்டு. வண்டியைப் பார்க்கும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். இருக்கும் குறைகளைத் தாளில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள். கொள்கலனை எடுக்கும்போதும் காலியாகத் திருப்பும்போதும் டிப்போவில் தரும் ரசீதில் சேதம் சரியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாமதமானால் கப்பல் நிறுவனம் போடும் நாள்கட்டணத்தை யார் கட்டுவது என்று முன்பே பேசுங்கள். விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார், அன்றே டிரெய்லர் உரிமையாளருக்கும் தகவல். திருப்பிக் கொடுக்கும் நாளிலும் படம் எடுங்கள்.

அண்ணனிடம் இப்போது சம்பளத்துக்கு ஒரு தம்பி ஓட்டுகிறார். தாளைக் கொடுத்தால் மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார், படிப்பதில்லை. அதனால் அண்ணன் சொல்லச் சொல்ல நான் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாளில் தொடங்கி நான்கு பூட்டுகள் வரை, டிரெய்லரைச் சுற்றி நடக்கும் வேகத்தில், ஆறு நிமிடம். "அக்கா, ரேடியோவுல பேசுற மாதிரியே இருக்கு," என்றார் அந்தத் தம்பி. ஒரு வித்தியாசம் உண்டு. ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் பத்து விநாடி அமைதி விட்டிருக்கிறேன். அவர் குனிந்து பார்க்க அவ்வளவு நேரம் ஆகும்.