அம்மாவுக்கு ஒரு கேரவன்

கேரவன் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் நடக்கும் இடத்தில் ஹீரோவும் ஹீரோயினும் உட்கார்ந்திருக்கும் ஏசி வண்டி. அதை நம் வீட்டுக்கு வாங்கலாமா, வேண்டாமா என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொள்வோம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது. ஊரின் பெருமையே திருமாகறலீஸ்வரர் கோயில்தான். சம்பந்தர் பாடிய தலம். தொண்டை நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் மொத்தம் 32. அதில் எங்கள் ஊரும் ஒன்று என்பதில் அம்மாவுக்குத் தனி கர்வம். அப்பா இருந்தபோது இருவருமாக பஸ்ஸிலும் டிவிஎஸ் 50-யிலும் ஒவ்வொரு கோயிலாகப் போய் வந்தார்கள். போய் வந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் ஒரு டிக் விழும். அப்பா போனபோது 19 டிக். மீதி 13.

இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. இப்போது 74 வயது, வீல்சேர். பேச்சு நன்றாகத் திரும்பிவிட்டது, அதுவே பெரிய விஷயம்.

வெளியே கூட்டிப்போக எங்களுக்கு மனசில்லாமல் இல்லை. பிரச்னை பாத்ரூம். காலையில் கிளம்புகிறோம் என்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அம்மா தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார். "வழியில அவசரம் வந்தா உங்களுக்குத்தானே கஷ்டம்" என்பார். ஒருமுறை உறவுக்காரர் கல்யாணத்துக்கு இப்படிப் பட்டினி கிடந்து போய்விட்டு வந்து, சிறுநீர்த் தொற்றில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அந்தக் காலண்டர் தாளை அவர் எடுக்கவே இல்லை.

இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்டிருந்த என் தம்பிதான் கேரவன் பேச்சை ஆரம்பித்தான். அவன் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கிறான். அங்கே நண்பர் குடும்பத்தோடு ஒரு வீட்டு வண்டியில் மூன்று நாள் சுற்றிவிட்டு வந்தவன், வீடியோவாக அனுப்பித் தள்ளினான். படுக்கை, அடுப்பு, பிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளேயே. அதைவிட அவனை மயக்கியது ஸ்லைடு அவுட்.

"பட்டனை அமுக்கினா சுவரே வெளிய போகுதுக்கா! ரூம் ரெண்டு மடங்காயிடுது."

மேஜை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் பக்கச் சுவரில் ஒரு பகுதி, அதோடு ஒட்டிய கட்டில் அல்லது சோபாவோடு சேர்ந்து, மோட்டார் உதவியால் இரண்டு மூன்று அடி வெளியே வரும். கிளம்பும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து நியூமார் நிறுவனம் 1990-ல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்ததாகத் தம்பி சொன்னான். இப்போது அங்கே இது இல்லாத பெரிய வண்டியைப் பார்ப்பதே அபூர்வமாம்.

நம் ஊரிலும் டெம்போ டிராவலரை வாங்கி வீடாக மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பி அங்கிருந்தே விசாரித்து, ஒரு பட்டறையில் விலை வாங்கிவிட்டான். வண்டியும் சேர்த்து 38 லட்சம். ஸ்லைடு அவுட் வேண்டுமென்றால் மேலே 6 லட்சம். "காசைப் பத்தி நீ யோசிக்காத, அம்மாவுக்கு வசதியா இருக்குமான்னு மட்டும் பார்த்துச் சொல்லு" என்றான்.

பார்த்துச் சொல்வது என்றால் எப்படி? வண்டியே இன்னும் இல்லையே. ஒரு நாள் காலையில் வாசல் தெளித்த கையோடு, கோலமாவை எடுத்துக்கொண்டு வண்டியையே வரைந்துவிட்டேன்.

அவர்கள் கொடுத்த அளவு 6 அடி அகலம், 14 அடி நீளம். இன்ச் டேப் வைத்துக் கோடு போட்டேன். ஒரு பக்கம் கட்டில், 27 அங்குலம். எதிர்ப்பக்கம் சமையல் மேடை, 18 அங்குலம். கடைசியில் கழிவறை. 6 அடி என்பது 72 அங்குலம். நடுவில் மிச்சம் 27. அம்மாவின் வீல்சேர் 25 அங்குலம்.

அம்மாவை உட்கார வைத்துத் தள்ளினேன். நேராகப் போனது. கழிவறைக் கோட்டுக்குப் போய்த் திருப்ப முயன்றால் ஒரு சக்கரம் கட்டிலிலும் ஒரு சக்கரம் அடுப்பு மேலும் ஏறி நிற்கிறது. வீல்சேர் சுற்றித் திரும்ப 5 அடி, அதாவது 60 அங்குலம் வேண்டும். திரும்பினால்தான் அம்மாவைத் தூக்கிக் கமோடில் மாற்ற முடியும்.

எதிர்வீட்டுப் பெரியம்மா விளக்குமாறும் கையுமாக வந்து நின்று, "இன்னாடி இது, பாண்டி ஆடுறீங்களா ஆத்தாளும் பொண்ணும்?" என்றார். அம்மா சிரித்த சிரிப்பில் வீல்சேரே ஆடியது. அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

பிறகு கட்டிலை 30 அங்குலம் வெளியே தள்ளி வரைந்தேன். நடுவில் 57 அங்குலம். கொஞ்சம் முன்னும் பின்னும் எடுத்தால் திரும்பிவிட்டது! அன்று ராத்திரி தம்பியிடம், "ஸ்லைடு இல்லாம வாங்கினா பிரயோஜனமே இல்லடா. வாங்கினா அதோடதான் வாங்கணும்" என்றேன். அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.

அட்வான்ஸ் அனுப்பத் தயாரானவனை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். சும்மா ஒரு சந்தேகம். பட்டறைக்காரருக்குப் போன் போட்டு, "ஸ்லைடு உள்ள இருக்கும்போது வீல்சேர்ல பாத்ரூம் போக முடியுமா?" என்று கேட்டேன்.

"வண்டிய ஓரங்கட்டி, ஸ்லைட விரிச்சிட்டுப் போகலாம் மேடம். ஒரு நிமிஷ வேலை."

அந்த ஒரு நிமிஷத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு அவசரம் வருவது கோயில் வாசலில் இல்லை, வழியில். கல்குவாரி லாரிகள் உரசிக்கொண்டு போகும் எங்கள் உத்திரமேரூர் ரோட்டில் எங்கே ஓரங்கட்டுவது? இடப்பக்கமாக விரிய இரண்டரை அடி காலி இடம் வேண்டும். புளியமரமோ, முள்வேலியோ, மின்கம்பமோ இருக்கக் கூடாது. தரையும் சமமாக இருக்க வேண்டும், சாய்வான இடத்தில் விரித்தால் அந்தப் பளு முழுவதும் மோட்டாரிலும் தண்டவாளத்திலும் ஏறும். மோட்டார் மக்கர் செய்தால் கையால் சுற்றி உள்ளே இழுக்க வழி உண்டு. நடு ரோட்டில் அதை யார் சுற்றுவது? நானும் டிரைவரும்தான்.

இன்னும் கேட்கக் கேட்க விஷயம் வந்துகொண்டே இருந்தது. சுவர் நகர்கிற இடமெல்லாம் ரப்பர் பட்டை வைத்து அடைத்திருப்பார்கள். வெயிலில் அது காய்ந்து வெடிக்கும், புழுதி ஏறும். சந்து விட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போய்ப் பலகை ஊறிப்போகும். எங்கள் பழைய வீட்டில் ஓட்டுக்கூரையும் பின்னால் இறக்கிய தாழ்வாரமும் சேருகிற இடத்தில்தான் வருஷா வருஷம் ஒழுகும். அப்பா தார் பூசிப் பூசியே அலுத்துப்போனார். சேர்மானம் என்று ஒன்று இருந்தால் ஒழுக்கு என்று ஒன்று இருக்கும் என்பது எனக்குப் புதிதில்லை.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி தந்த வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. கேரவன்களுக்கு என்றே ஏஐஎஸ் 124 என்று தனித் தர விதி உண்டு. அதன்படி ஒப்புதல் பெற்ற மாடலா, ஆர்.சி. புத்தகத்தில் கேரவன் என்றே பதிவாகுமா என்று கேட்டேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார். 44 லட்சத்துக்கு இந்தப் பதில் போதுமா, நீங்களே சொல்லுங்கள்.

ஸ்லைடு அவுட்டைக் குறை சொல்லவில்லை. ஒரே இடத்தில் நான்கைந்து நாள் வண்டியை நிறுத்தித் தங்குகிறவர்களுக்கு அது அருமையான வசதிதான். அமெரிக்காவில் அதற்கென்றே மின்சாரம், தண்ணீர், கழிவு இறக்கும் குழாய் எல்லாம் வைத்த மைதானங்கள் இருக்கின்றன. கேரளாவிலும் கேரவன் சுற்றுலாவுக்கென்று 2021-ல் திட்டம் போட்டு, 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தார்கள். ஆனால் கூவம் கோயில் வாசலிலோ, அச்சிறுபாக்கத்திலோ வண்டியின் கழிவுத் தொட்டியை நான் எங்கே காலி செய்வேன்?

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தம்பியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வண்டி வாங்கித் தந்தவன் அவன் என்று ஊர் சொல்லும். அந்தத் தொட்டியைக் கழுவப் போவது நான். இரண்டு வருடமாகக் கழுவிக்கொண்டிருப்பதும் நான்தான். இந்தக் கசப்பு எவ்வளவு, வண்டியின் குறை எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அதனால் ஒரு வாரம் அவன் போனை எடுத்து, ஊர்க்கதை பேசிவிட்டு வைத்தேன்.

கடைசியில் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, "இங்க இருந்துக்கிட்டு நான் வேற என்னதான்க்கா செய்ய முடியும்? இதுவும் வேணாம்னா?" என்றான். குரல் உடைந்திருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், ஒண்ணு கேக்குறேன். வண்டி நின்னாத்தானே அந்தச் செவுரு விரியும்?"

"ஆமாம்மா."

"வண்டி நின்னா நான் எதுக்குடா உள்ள குந்திக்கினு இருக்கணும்? என்னைக் கீழ எறக்கி மரத்தடியில வுடுங்க. ரெண்டு வருஷமா செவுத்தத்தான் பாத்துக்கினு இருக்கேன்."

தம்பிக்கும் எனக்கும் பேச்சே வரவில்லை. மூன்று மாதமாக அகலம் பார்த்தோம், விலை பார்த்தோம், ரப்பர் பட்டை வரை பார்த்தோம். அம்மாவை மட்டும் கேட்கவில்லை.

அன்று ராத்திரியே காலண்டர் தாள் வெளியே வந்தது. மூவருமாக, இங்கே நானும் அம்மாவும், அங்கே அவன் கம்ப்யூட்டரில் மேப்போடும், மீதி 13 ஊரையும் அளந்தோம். வடக்கே தூரம் காளத்தி. தெற்கே தூரம் பாண்டிச்சேரி பக்கத்து இரும்பை மாகாளம். எதுவுமே காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடுகிற தூரம்தான். படுக்கை எதற்கு, அடுப்பு எதற்கு? எங்களுக்கு வேண்டியது ஒரு கழிவறை, ஏறி இறங்க ஒரு வழி, தூக்க இரண்டு கை. அவ்வளவுதான்.

பின்னால் சாமான் வைக்கத் தாராளமாக இடமுள்ள ஒரு வாடகை டிராவலரைப் பேசினோம். அந்த இடத்தில் கெட்டியான திரை, மடக்கும் கமோடு நாற்காலி, மூடி போட்ட வாளி. ரோட்டோரம் நிறுத்தினால் போதும், எதுவும் விரிய வேண்டாம். தம்பி மடக்குச் சாய்வுப் பலகை ஒன்று வாங்க பணம் அனுப்பினான். கூடவே, ஒவ்வொரு பயணத்துக்கும் தூக்கிப் பிடிக்க ஒரு பெண்ணுக்குக் கூலி. அந்தக் கூலியை நான் கேட்டே வாங்கினேன்.

முதலில் போனது குரங்கணில்முட்டம். சிரிக்காதீர்கள், பட்டியலிலேயே பக்கத்து ஊர்களில் ஒன்று. 'பக்கத்துலதானே, எப்ப வேணா போலாம்' என்று அப்பாவும் அம்மாவும் கடைசி வரை போகாமலே விட்ட கோயில். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரையும் அங்கே இருக்கிறது.

டிராவலரிலிருந்து இறக்கியது சுலபமாக இருந்தது. கோயில் நிலைவாசல் கல்தான் இடித்தது. எந்தக் கேரவன் வாங்கியிருந்தாலும் அந்தக் கல் அங்கேதான் இருந்திருக்கும். சாய்வுப் பலகையை எடுத்து வந்து வாசற்படிக்கு இந்தப் பக்கம் போட்டோம், சக்கரம் ஏறியது. அந்தப் பக்கம் இறக்கப் பலகை இல்லை. டிரைவர் தம்பியும் நாங்களுமாகப் பிடித்து இறக்கினோம். ஊருக்கு வந்ததும் ஆசாரியிடம் சொல்லி இன்னொரு பலகை செய்துகொண்டேன்.

தரிசனம் முடிந்து மரத்தடியில் அம்மாவை இறக்கி, புளிசாதமும் வடகமும் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்து, சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். அதைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கோயில் கோபுரத்தை அனுப்பவில்லை என்று கோபித்துக்கொண்டான்.

இப்போது 23 டிக் ஆகியிருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் மட்டும் மலை ஏற முடியாமல், அடிவாரத்திலிருந்தே வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டோம். அதற்கு முழு டிக்கா, அரை டிக்கா என்று இன்னும் சண்டை ஓடுகிறது.

டிசம்பரில் தம்பி வருகிறான். காளத்தியை அவனுக்காகத் தள்ளி வைத்திருக்கிறார் அம்மா. அன்றைக்குத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். வாளியும் அவன் பொறுப்புதான்.