சிதறால் மலையும் தாமான் கயிறும்

சிதறாலுக்குப் போகிற பலரும் மலையேறி, சிற்பங்களைப் பார்த்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. மரநிழலில் போகும் கல்பாவிய பாதையும், பாறை இடுக்கு வழியாக நுழையும் அந்த வாசலும், பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்களும் ஒரு காலை நேரத்துக்குத் தாராளமாகப் போதும்.

திருச்சாரணத்து மலை என்பது பழைய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கே சமணப் பள்ளி செழிப்பாக இருந்தது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்தி என்ற பெண்துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததைச் சொல்கிறது. இந்த ஆய் மன்னர்களின் துறைமுகம் விழிஞ்சம். மலையில் பள்ளி, கடலில் கப்பல் என்று வாழ்ந்த ராஜ்யம். அதனால் மலையைப் பார்த்தவர்கள் கடலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவதுதான் முறை என்பேன்.

மலையிலிருந்து பார்த்தால் ரப்பரும் தென்னையுமான பச்சைக்கு நடுவே குழித்துறைத் தாமிரபரணி தெரியும். நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு. இந்த ஆறு கடலில் சேரும் இடம் தேங்காய்ப்பட்டணம். இன்று அங்கே மோட்டார் சத்தம்தான். ஆனால் அறுபது வயது தாண்டிய கடல்காரர்களிடம் உட்கார்ந்து பேசினால், பாய்மரக் காலம் அப்படியே எழுந்து வரும். 1980-களில் வெளிப்பொருத்து எஞ்சின் பரவும்வரை இந்தக் கரையின் கட்டுமரங்களுக்குக் காற்றுதான் எஞ்சின். விடியுமுன் கரைக்காற்றில் போவார்கள், பிற்பகல் கடல்காற்றில் திரும்புவார்கள்.

பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயைத் தாங்கும் நீண்ட கழி பருமல். பாயின் கீழ்முனையில் கட்டி, கையில் பிடிக்கும் கயிறு தாமான். மூன்றிலும் உயிர் காப்பது தாமான்தான். “காத்து கனத்தா தாமானை இளக்கணும் மக்களே. இறுக்கிப் பிடிச்சவன் மரம் மறிஞ்சிரும்” என்றார் ஒரு பெரியவர். அப்போதெல்லாம் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு, அடித்துத் தும்பெடுத்துத் திரித்த கயிறு. உப்புத்தண்ணீரைத் தாங்கும், ஆனால் உள்ளங்கையை உரித்துவிடும். நைலான் வந்தபோது கைக்குக் கொஞ்சம் நிம்மதி.

1697-இல் வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தைப் பற்றிப் புத்தகத்தில் எழுதினார். அந்தச் சொல்தான் ‘கேட்டமரான்’ ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகுக்குப் பெயர். அந்தப் படகில் தாமானுக்கு ஒரு கூட்டாளி உண்டு: ‘டிராவலர்’. படகின் குறுக்கே ஒரு தண்டவாளம், அதில் உருளும் ஒரு சின்ன வண்டி, அந்த வண்டியில் தாமானின் கப்பி. வண்டியை இழுக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக் கயிறு.

இது எதற்கு? தாமான் ஒரே கயிறாக இரண்டு வேலை செய்கிறது. பாயை உள்ளே இழுக்கிறது, கீழேயும் இழுக்கிறது. இளக்கினால் இரண்டும் சேர்ந்து இளகி, பாயின் மேல்பகுதி முறுக்கிக்கொள்ளும். டிராவலர் இந்த இரண்டையும் பிரிக்கிறது. திடீரென்று காற்று அடித்தால், தாமானைத் தொடாமல் வண்டியைக் காற்று போகும் பக்கம் நழுவவிட்டால் போதும். பாயின் வடிவம் கெடாது, படகு சாயாது. காற்று மெலிந்தால் வண்டியைக் காற்று வரும் பக்கம் இழுத்து வைப்பார்கள்.

கட்டும்போது வண்டியை நடுவில் நிறுத்தி, இரண்டு கயிற்றையும் சம நீளத்தில் அளக்க வேண்டும். ஓரக் கப்பி வழியாகத் திரும்பி வந்து, உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் பல்பிடிப்பில் முடிய வேண்டும். நுனியில் ஒரு முடிச்சு அவசியம். இல்லையென்றால் அவசரத்தில் கயிறு கப்பியைத் தாண்டி ஓடிவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கிரீஸ் பூசவே கூடாது, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல்பிடிப்பு கடிக்கும் இடத்தில்தான் கயிறு முதலில் பஞ்சு பஞ்சாகும். அப்போது நுனி மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். வெயிலில் விறைத்துப்போன கயிற்றைத் தயங்காமல் மாற்றிவிடுவது நல்லது.

சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் படகில் தண்டவாளம்கூடக் கிடையாது. பின்பக்கம் முக்கோணமாக இழுத்துக் கட்டிய ஒரே ஒரு கயிறுதான் டிராவலர்; கப்பி அதன்மேல் வழுக்கும். அதைத் தொய்வில்லாமல் கட்டுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

தேங்காய்ப்பட்டணத்துப் பெரியவரிடம் போனில் ஒரு பந்தய வீடியோவைக் காட்டினேன். வண்டி நழுவுவதை இரண்டு முறை திருப்பிப் போடச் சொல்லிப் பார்த்தார். “நாங்க உடம்பைச் சாய்ச்சுச் செய்ததை இவனுவ சக்கரம் வச்சுச் செய்யானுவ” என்றார். அப்புறம், “அந்தக் கயிறு எவ்வளவு கனம்?” என்று கேட்டார்.