எழுத்து சொன்ன உண்மை

பள்ளி விடுமுறையில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் வசிக்கும் மாமாவின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய கொட்டகையில் 1969ஆம் ஆண்டின் ‘செவர்லே கமாரோ இசட்-28’ மகிழுந்து ஒன்று நின்றது. மகளின் கல்லூரிச் செலவுக்காக மாமா அதை விற்க முடிவு செய்திருந்தார். மறுநாள் காலையில் ஒருவர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது.

“தொழிற்சாலையில் பொருத்திய அதே இயந்திரம் இருந்தால்தான் நல்ல விலை கிடைக்கும், தம்பி,” என்றபடி மாமா முன்மூடியைத் திறந்தார்.

இயந்திரத்தின் முன்புறத்தில் ‘வி 0412 டிஇசட்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. ‘வி’ என்பது பிளின்ட் நகரத் தொழிற்சாலையைக் குறிக்கும். 0412 என்பது ஏப்ரல் 12. ‘டிஇசட்’ என்பது இசட்-28 மகிழுந்துக்குரிய 302 கன அங்குல இயந்திரத்தின் குறியீடு. அருகிலிருந்த எண்ணும் மகிழுந்தின் அடையாள எண்ணோடு பொருந்தியது.

“எல்லாம் சரியாக இருக்கிறதே, மாமா!” என்றேன்.

“பொறித்த எழுத்தைத் தேய்த்துவிட்டு வேறு எழுத்தைப் பொறிக்கலாம். இரும்பை வார்க்கும்போதே புடைத்து நிற்கும் எழுத்தை அப்படி எளிதில் மாற்ற முடியாது. அதையும் பார்த்துவிடுவோம்.”

அந்த வார்ப்புத் தேதி இயந்திரத்தின் பின்புறத்தில், குறுகிய இடுக்கில் இருந்தது. மாமாவின் கை அங்கே நுழையவில்லை. நான் கையை விட்டு, பல ஆண்டுகளாகப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன்.

“‘ஏ’ என்றால் ஜனவரி, ‘பி’ என்றால் பிப்ரவரி. இந்த வண்டி ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் உருவானது. ஆகவே, ‘டி’ அல்லது அதற்கு முந்தைய எழுத்துதான் இருக்க வேண்டும்,” என்றார் மாமா.

கைவிளக்கின் ஒளியில் உற்றுப் பார்த்தேன். ‘எச் 12 9’ என்றிருந்தது. 1969 ஆகஸ்டு 12! வண்டி உருவாகி நான்கு மாதங்களுக்குப் பிறகு வார்க்கப்பட்ட இயந்திரம் அது.

மாமா பென்சிலுடன் காத்திருந்தார். ‘டி’ என்று சொல்லிவிட்டால் என்ன? என்னைத் தவிர யாருக்கும் தெரியாதே! என் தொண்டை வறண்டது.

“எச், மாமா,” என்றேன்.

அவர் சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, அதை அப்படியே எழுதிக்கொண்டார். “எனக்கு விற்றவர் இதைச் சொல்லவில்லை. நாளை வருபவருக்கு நாம் சொல்லிவிடுவோம்,” என்றார்.

மறுநாள், வந்தவரிடம் மாமா முதலில் காட்டியது அந்த எழுத்தைத்தான். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலைக்கே வண்டி விற்றது. குறைந்த தொகையை ஈடுகட்ட, மாமா வார இறுதிகளிலும் வேலைக்குச் செல்லத் தொடங்கினார்.

அவர் எனக்கு அறிவுரை எதுவும் கூறவில்லை. ஆயினும், பொய் சொல்ல மனம் தூண்டும்போதெல்லாம், இருட்டு இடுக்கில் நான் படித்த அந்த ஓர் எழுத்து என் கண்முன் நிற்கிறது.