பாவ் ரொட்டியும் பொடி வெண்ணெயும்

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் பள்ளி செல்லும் பிள்ளை ஒன்று இருக்குமானால், வாரம் ஒரு முறையேனும் 'பர்கர்' என்ற சொல் அவ்வீட்டில் ஒலிக்காமல் இராது. கடையில் வாங்கித் தருவதா, வீட்டிலேயே செய்து தருவதா, செய்வதானால் நம் நாவுக்கு ஏற்ப எவ்வாறு செய்வது என்னும் வினாக்கள் உடன் எழும். இவற்றுக்கு விடை தேடி, தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களையும் நாம் அண்மையில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். கண்டதையும் உண்டதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பர்கர் என்ற பெயர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டிப் பிறந்தது. பண்டம் பெரும் புகழ் பெற்றது அமெரிக்காவில். 1996 அக்டோபரில் மக்டொனால்ட்ஸ் நிறுவனம் இந்தியாவில் கால் வைத்தபோது, மாட்டிறைச்சியை அறவே விலக்கிவிட்டே கடை திறந்தது. பின்னர் அதற்குக் கைகொடுத்தது எது? உருளைக்கிழங்கு! ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கை வைத்து உண்ணும் வித்தையை மும்பைத் தெருக்கள் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தன என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

முதலில் தாராவிக்குச் சென்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் வந்து குடியேறிய இடம் அது. பொழுது புலரும் வேளையில் அங்கே இரண்டு மணங்கள் கலந்து வரும். ஒன்று, வேகும் இட்லியின் ஆவி. வீடுகளில் இரவோடிரவாக மாவரைத்து, விடியலில் அவித்த இட்லிகளை நகரெங்கும் சுமந்து விற்கும் நம்மவர் அங்கே ஏராளம். மற்றொன்று, அடுமனையில் வேகும் பாவ் ரொட்டியின் மணம். ஒன்றோடொன்று ஒட்டிய ரொட்டிகள் ஒரு பாளமாக அடுப்பிலிருந்து வெளிவருகின்றன. அதனை 'லாதி பாவ்' என்கிறார்கள். லாதி என்றால் மராத்தியில் தரையில் பதிக்கும் கல். பெயர் கல்லே ஒழிய, பண்டம் பஞ்சுபோல் இருக்கிறது.

பாவ் என்பது போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் ஆகியவற்றை அவர்களிடமிருந்து பெற்றுக்கொண்ட தமிழகம், ஏனோ ரொட்டியின் பெயரை மட்டும் ஏற்கவில்லை. ஆனால் இலங்கைத் தமிழர் இன்றும் ரொட்டியைப் 'பாண்' என்றே வழங்குகின்றனர். பாணும் பாவும் உடன்பிறப்புகள். கோவாவில் ரொட்டி சுடத் தொடங்கிய காலத்தில், மாவு பொங்குவதற்குத் தென்னங்கள்ளைச் சேர்த்தனர். நம் ஆப்ப மாவுக்குக் கள் வார்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். ஆக, "இது வேற்றார் பண்டம்" என்று பாவை ஒதுக்கும் பெரியோர், ஆப்பத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். மாதுங்காவின் சில வீடுகளில், அடுமனை ரொட்டியைச் சமையற்கட்டில் நுழைய விடாத மூதாட்டியர் ஒரு காலத்தில் இருந்தனர். காலைப் பத்திரிகையோடு பாவும் வாசலுக்கு வந்துவிட்டுப் போகும், அடுப்பங்கரையை எட்டாது.

விறகடுப்பு அடுமனைகளுக்கு இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. காற்று மாசினைக் கருதி, விறகும் கரியும் எரிக்கும் அடுமனைகள் வேறு எரிபொருளுக்கு மாற வேண்டும் என்று 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மும்பை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. விறகுச் சூட்டில் வெந்த பாவின் மேல்தோல் தரும் இலேசான புகை மணம் நமக்குப் பிடித்தமானது. அடுமனைக்கு அண்டை வீட்டில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அது பிடித்தமாக இருக்குமா என்பது வேறு கேள்வி.

அங்கிருந்து மாதுங்காவுக்கு நடந்தே வந்துவிடலாம். கஃபே மெட்ராஸ் 1940இலும், வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர்பெற்ற ராம நாயக் உடுப்பி போர்டிங் 1942இலும் தொடங்கப்பட்டவை. நாம் அங்கே சென்றது சாப்பாட்டுக்காக அன்று, தோசைக்கல்லைப் பார்ப்பதற்காக. மும்பை வழக்கில் 'மைசூர் மசாலா' என்ற தோசை வார்க்கும் முறையைக் கவனித்திருக்கிறீர்களா? மாவைப் பரப்பியவுடன் அதன் நடுவே ஒரு கட்டி வெண்ணெயும் ஒரு கரண்டி சிவப்புச் சட்னியும் விழுகின்றன. கரண்டியின் முதுகால் இரண்டையும் ஒன்றாக்கித் தோசை முழுதும் தடவுகிறார் சமையற்காரர். மிளகாயின் காரத்தை வெண்ணெய் தாங்கிக்கொள்கிறது. வெண்ணெயின் மழுமழுப்பை மிளகாய் திருத்துகிறது. மேலைநாட்டுச் சமையல் நூல்கள் பர்கருக்குப் பரிந்துரைக்கும் மசாலா வெண்ணெய் வேறென்ன? நம்மவர் தோசைக்கல்லில் அது நெடுங்காலமாக உருகிக்கொண்டிருக்கிறது.

வெண்ணெய்க்கும் இந்நகரில் ஒரு வரலாறு உண்டு. முன்பு பம்பாயில் வெண்ணெய் என்றாலே பால்சன்தான். 1946இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் எழுந்த பால் கூட்டுறவு, பிற்பாடு அமுல் வெண்ணெயைக் கொண்டுவந்தது. புளிக்கவைத்த பாலேட்டின் வாசனைக்குப் பழகிய பம்பாய் நாவுக்குப் புதிய பாலேட்டில் கடைந்த வெண்ணெய் முதலில் சப்பென்றிருந்ததாம். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்த குடும்பங்களில் பிறந்த நமக்கு இதில் வியப்பில்லை. அமுல் விளம்பரத்தின் பொட்டுப் பொட்டுச் சட்டைச் சிறுமி பிறந்தது 1966இல்.

அதே 1966ஐ மாதுங்காப் பெரியவர்கள் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தோன்றியது. மராத்தியருக்குரிய வேலைகளைத் தென்னிந்தியர் பறித்துக்கொள்கின்றனர் என்ற முழக்கம் எழுந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் உடுப்பிச் சிற்றுண்டிச்சாலைகள் தாக்கப்பட்டன. மராத்தி இளைஞர்கள் தாமே உணவுக்கடை வைத்துப் பிழைக்க வேண்டும் என்று அவ்வியக்கம் ஊக்கியது. தாதர் புகைவண்டி நிலையத்துக்கு வெளியே 1966 வாக்கில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கியதாகப் பலரும் கூறும் வடா பாவ், நாளடைவில் இட்லிக்கும் தோசைக்கும் எதிரே நிறுத்தப்பட்ட மண்ணின் பண்டமாயிற்று. 1982இன் ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின்னர், வேலையிழந்த தொழிலாளர் பலருக்கு அதுவே பிழைப்பாகவும் ஆயிற்று. அவர்கள் பசியையும் நாம் மறப்பதற்கில்லை.

மாதுங்கா அங்காடியில் நமக்கு அறிமுகமான நெல்லைப் பெரியவர் ஒருவர், எண்பதை நெருங்குபவர், அந்நாளில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் பணியாற்றியவர். "கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே இருட்டுல உட்கார்ந்திருப்போம் ஐயா. கல்லு விழுற சத்தம் மட்டும் கேட்கும். அதுக்கப்புறம் ரொம்ப வருசம் அந்த வடா பாவை நான் கையால தொட்டது கிடையாது" என்றார்.

"இப்போது?" என்று கேட்டோம்.

"இப்ப என் பேரன் வீட்டுலயே பண்ணுறான். வந்து பாருங்க" என்று தம் மகள் வீட்டுக்கு அழைத்தார். கிங்ஸ் சர்க்கிளில் வண்டி ஏறி, வடாலாவில் மாறிச் செம்பூரில் இறங்கினோம்.

அவ்வீட்டு அம்மையார் செய்முறையை ஒளிக்காமல் கூறினார். நூறு கிராம் வெண்ணெயை விரல் பதியும் அளவுக்கு இளகவிட வேண்டும், உருக்கிவிடக் கூடாது. உருகினால் நெய் வேறு, நீர் வேறாகப் பிரிந்துவிடும். அதில் இரண்டு சிறு கரண்டி இட்லி மிளகாய்ப் பொடி, எண்ணெயில் வதக்கி நசுக்கிய நான்கு பல் பூண்டு, மொறுமொறுப்பாக வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை, துணியில் ஈரம் ஒற்றி எடுத்து நறுக்கிய கொத்தமல்லி ஆகியவற்றைக் கலக்க வேண்டும். ஈரப்பொருள் எதையும் வெண்ணெய் ஏற்காது. ஆகவே எலுமிச்சையின் மணம் வேண்டுவோர் சாற்றை விட்டுத் தோலைத் துருவிச் சேர்க்கலாம். கடை வெண்ணெயிலும் பொடியிலும் உப்பு உண்டாதலால் மேலும் உப்பு வேண்டா. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் மோரை நன்றாகப் பிழிந்து எடுத்துவிடுவது நலம். இக்கலவையை எண்ணெய் ஒட்டாத தாளில் உருளையாகச் சுருட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால், வேண்டும்போது வில்லை வில்லையாக அரிந்துகொள்ளலாம்.

அரைக்கிலோ உருளைக்கிழங்கைத் தோலுடன் வேகவைத்து, நன்கு ஆறிய பின்பே உரித்து மசிக்க வேண்டும். சூட்டோடு மசித்தால் பசைபோல் ஆகும். கடுகு, இஞ்சி, பச்சைமிளகாய், வெங்காயம், மஞ்சள் தாளித்துச் சேர்த்து, உப்பிட்டு, பொடித்த அவல் மூன்று கரண்டி கலந்து பிசைய வேண்டும். உற்று நோக்கினால் இது நம் உருளைக்கிழங்கு போண்டாவின் உள்ளீடேதான். வடா பாவின் வடையும் அதற்கு அயலன்று. தட்டையாகத் தட்டி, நடுவில் ஒரு வெண்ணெய் வில்லையை வைத்து, விளிம்பு வெடிக்காமல் மூடி, இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துப் பின் தோசைக்கல்லில் எண்ணெய் விட்டு மிதமான தீயில் இருபுறமும் சிவக்க வாட்ட வேண்டும். குளிரவைக்காமற் போட்டால் வெண்ணெய் முழுதும் கல்லுக்கே உணவாகும். வாயில் அப்பிக்கொள்ளும் கிழங்கின் வறட்சியை, உள்ளே உருகி நிற்கும் வெண்ணெய் போக்கிவிடுகிறது. பாவை இரண்டாகப் பிளந்து, உட்புறத்திலும் அதே வெண்ணெயைத் தடவிக் கல்லில் கவிழ்த்து எடுத்தால், சட்னியின் ஈரம் ரொட்டியில் ஊறுவதில்லை. வெங்காயம், தக்காளி, கெட்டிக் கொத்தமல்லிச் சட்னி இவையே போதும். கடைப் பர்கர்களில் வழியும் இனிப்புக் குழம்பு, சுவையின்மைக்குப் போர்த்தும் போர்வை என்பது நம் எண்ணம்.

இறைச்சி உண்ணும் இல்லங்களில் கொத்திய ஆட்டிறைச்சியை இவ்வாறே செய்கின்றனர். கொழுப்புக் குறைந்த இறைச்சிக்கு நடுவிலுள்ள வெண்ணெய் பெரிதும் உதவும். அதிகம் பிசையாமல், உப்பைக் கடைசி நேரத்தில் சேர்க்க வேண்டும். முன்னரே இட்டால் இறுகிவிடும். நடுவில் சிவப்புச் சிறிதும் இல்லாதபடி வேகவைப்பது இன்றியமையாதது. கொத்திய இறைச்சியில் இவ்வகையில் சலுகை காட்டலாகாது.

பெரியவரின் தட்டில் பேரன் ஒன்றை வைத்தான். "தாத்தா, காரம் கூடிப்போச்சா?" என்று கேட்டான். அவர் பாதியைத் தின்று, "பொடி உங்க ஆச்சி இடிச்ச பக்குவத்துல இல்ல. எள்ளு பத்தாது" என்றார். மகள் சிரித்துக்கொண்டே, "அப்பா இதைச் சொல்லாம எந்தப் பண்டத்தையும் முடிக்க மாட்டாங்க" என்றார். தட்டு காலியாயிற்று.

எள்ளைப் பற்றி அவர் சொன்னது சரியே. அவ்வெண்ணெய்க்கென்று பொடி இடிப்பவர்கள் வறுத்த எள்ளை வழக்கத்திலும் ஒரு பிடி கூட்டிக்கொள்ளலாம். பூண்டு சேர்ந்ததாகையால் வெண்ணெயை வெளியே வைக்காமல் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மீந்த வில்லைகளை மறுநாள் காலைத் தோசையின் மேல் போட்டுக்கொள்வது செம்பூர் வீட்டு வழக்கம்.