5 விநாடிக்கு 120 படம்

விறாந்தையின் ஒரு மூலையைப் பலகையால் மறித்த சின்ன அறை. முள்ளியவளைப் பெடியன் ஒருவனின் வேலையிடம் இதுதான். திரையில் ஒரு பெண் தெருவில் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அந்தத் தெருவை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட வேண்டுமாம். கூந்தல், காது, தோள் என்று தனித்தனியாகக் கோடு கீறி, அவள் அசைய அசையக் கோட்டையும் நகர்த்துகிறான். சினிமாவில் விநாடிக்கு 24 படம்; 5 விநாடிக் காட்சிக்கு 120.

"எல்லாத்திலயும் கீறத் தேவையில்லை அண்ணை. இடையில உள்ளதைக் கொம்பியூட்டர் நிரப்பும். தலைமயிர்தான் பேய்க்காட்டும்."

ரோட்டோ என்பது இதைத்தான். விஎஃப்எக்ஸ் தொழிலில் நுழைகிறவருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது இது, அல்லது சண்டைக்காட்சிக் கயிறுகளை அழிக்கும் வேலை. பிறகு கமராவின் அசைவைக் கணிக்கும் மட்ச்மூவ், எல்லாவற்றையும் ஒரே படமாக இழைக்கும் கொம்பொசிற்றிங். 'எந்திரன்', 'பாகுபலி' படங்களுக்குத் தேசிய விருது பெற்ற சிறீனிவாஸ் மோகனைப் போல மேற்பார்வையாளர் ஆகிறவர்கள் வெகுசிலர்.

மென்பொருளுக்குக் காசில்லை என்ற சாட்டு இப்போது எடுபடாது. 2025இல் ஒஸ்கார் வாங்கிய லத்வியப் படம் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்தது; அது இலவசம். இவனிடமும் அதுதான்.

சொந்தமாகச் செய்வதைக் காட்டச் சொன்னேன். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன், காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் எரியும் விளக்கு. சுடர் நன்றாகத்தான் ஆடியது. அவனுக்குத் திருப்தியில்லை. சுடர் சாயும்போது பக்கத்துச் சுவரில் வெளிச்சமும் கூடவே சாய வேண்டும். அது அரைக்கணம் பிந்துகிறதாம். எனக்குத் தெரியவில்லை.

"டைனோசரை ஆர் கண்டது? இதைச் சின்னனில இருந்து பாத்தனான். பிழையெண்டா உடன தெரிஞ்சிடும்."

எந்த வகுப்பும் இதைவிட நல்ல பாடம் சொல்லாது என்று நினைக்கிறேன். வேலை கேட்டு அனுப்பும் ஒரு நிமிட ஷோரீலில் இந்த விளக்கைத்தான் முதலில் வைக்கப்போகிறான். பார்க்கிறவர்கள் முதல் சில விநாடியிலேயே நிறுத்திவிடுவார்களாம்.

ஆனால் திறமை மட்டும் சோறு போடும் என்று நான் சொல்லமாட்டேன். 'லைஃப் ஒஃப் பை' புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ், 2013இல் அதற்கு ஒஸ்கார் கிடைக்கும் முன்பே திவாலாகிவிட்டது. இப்போது ரோட்டோவையே செயற்கை நுண்ணறிவு செய்யப் பழகுகிறது.

தேத்தண்ணி கொண்டுவந்த தாய் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுக்குப் பென்சன் கிடைக்குமோ?"

"இல்லை அம்மா" என்றேன்.

"அதைத்தானே நானும் சொல்லுறன்" என்று மகனைப் பார்த்தார். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.