நாராவுக்கு ஒரு நாள்: மானுக்கும் வெள்ளாமைக்கும் நடுவே

கேள்வி: ‘‘என் மகன் ஜப்பானில் ஒசாகா நகரத்தில் வேலை பார்க்கிறான். வரும் நவம்பரில் நானும் என் வீட்டுக்காரரும் பத்து நாள் அங்கே போகிறோம். பக்கத்தில் நாரா என்று ஒரு பழைய கோயில் நகரம் இருக்கிறது, ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறான் மகன். வீட்டுக்காரருக்கு மூட்டுவலி. இருவரும் சைவம். எப்படிப் போய்வருவது? விவசாயிகளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’’
- வாசகி, திருவாரூர் மாவட்டம்

இந்தக் கேள்விக்கு, போன நவம்பரில் நாராவுக்குப் போய்வந்த நம் வாசகர், அந்தியூர் வட்டாரத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர் பதில் எழுதியிருக்கிறார்.

எனக்கு மலையடிவாரத்தில் 3 ஏக்கர் மானாவாரி. நிலக்கடலையும் மக்காச்சோளமும் போடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின மாதம்தான் காட்டுப்பன்றி புகுந்து, கதிர் பிடிக்கிற பருவத்தில் இருந்த சோளத்தில் பாதியை ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. மகள் டிக்கெட் எடுத்துவிட்டாளே என்றுதான் விமானம் ஏறினேன். ‘நாராவுல ஆயிரம் மானுக்கு மேல ரோட்டுல திரியுதுங்கப்பா’ என்று அவள் சொன்னபோது, ‘அந்த ஊர் சம்சாரிக்கு என்ன கேடோ!’ என்றுதான் என் வாயில் வந்தது. அந்த நினைப்போடுதான் நாராவைப் பார்த்தேன்.

காலை 7 மணிக்கே கிளம்புங்கள்

ஒசாகாவின் நம்பா ஸ்டேஷனிலிருந்து கின்டெட்சு ரயிலில் நாராவுக்கு 40 நிமிடம். கட்டணம் 700 யென்னை ஒட்டி வரும். ஜே.ஆர். ரயிலிலும் போகலாம். ஆனால், அந்த ஸ்டேஷன் ஊருக்கு மேற்கே தள்ளி இருக்கிறது. கின்டெட்சு நாரா ஸ்டேஷனில் இறங்கினால், மேலே ஏறி 5 நிமிடம் நடந்ததும் மான் எதிரே நிற்கும். மூட்டுவலிக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

ரயில் நாராவை நெருங்கும்போது ஜன்னலைப் பாருங்கள். ஊருக்குள் திடீரென்று வயல்வெளி மாதிரி பெரிய வெட்டவெளி வரும். தண்டவாளம் அதன் நடுவிலேயே போகிறது. அதுதான் பழைய அரண்மனை இருந்த இடம். 710-லிருந்து 784 வரை நாராதான் ஜப்பானின் தலைநகரம். வலதுபக்கம் தெரியும் சிவப்பு வாசல், 1998-ல் திரும்பக் கட்டியது. இங்கே மண்ணைத் தோண்டியபோது ஆயிரக்கணக்கில் மரச்சீட்டுகள் கிடைத்தன. வரியாக வந்த அரிசி, உப்பு, கடல்பாசி மூட்டைகளில், எந்த ஊர், யார் கொடுத்தது, எவ்வளவு என்று எழுதிக் கட்டிய சீட்டுகள். 1,300 வருடத்துக்கு முந்தின சம்சாரியின் கணக்கு அது.

குளம் வெட்டிய துறவி

ஸ்டேஷனிலிருந்து தோதாய்ஜி கோயிலுக்கு நடந்தால் 20 நிமிடம். பஸ்ஸும் உண்டு. போகும்போது பஸ்ஸில் போய்விடுங்கள். நடக்கிற தெம்பை உள்ளே சுற்றுவதற்கு மிச்சம் வையுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30 மணிக்கும், நவம்பர் முதல் மார்ச் வரை 8 மணிக்கும் திறக்கிறார்கள். 9.30-க்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலா பஸ்களும் வந்துவிடும். அதற்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும்.

முதலில் வருவது தெற்கு வாசல். 1199-ல் எழுப்பியது. இரண்டு பக்கமும் 8 மீட்டருக்கு மேல் உயரமான மரத்துக் காவல் சிலைகள். நம் ஊர் அய்யனார் கோயில் காவல் பூதங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது. அதைத் தாண்டினால் பெரிய மண்டபம். உள்ளே சுமார் 15 மீட்டர் உயரத்தில் வெண்கலப் புத்தர். மண்டபம் 1180-லும் 1567-லும் போரில் எரிந்துபோய், இப்போது இருப்பது 1709-ல் முடித்தது. முதலில் இருந்தது இதைவிட அகலம். இதுவே 57 மீட்டர் அகலம்!

இந்தச் சிலை வந்த கதையில் விவசாயிக்கு விஷயம் இருக்கிறது. 735 முதல் 737 வரை ஜப்பானில் அம்மை நோய் வந்து ஜனம் கொத்துக்கொத்தாகச் செத்தது. பஞ்சமும் சேர்ந்துகொண்டது. நிலம் தரிசானது. அப்போது ஆண்டவர் ஷோமு. 743-ல் அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, நிலச்சட்டம். அதற்கு முன்னால் 723-ல் போட்ட சட்டப்படி, புதிதாக வாய்க்கால் வெட்டித் திருத்திய நிலம் மூன்று தலைமுறைக்குத்தான் சொந்தம். கெடு நெருங்கியதும் ‘எப்படியும் பிடுங்கத்தானே போகிறார்கள்’ என்று நிலத்தைப் போட்டுவிட்டார்கள். குத்தகை முடிகிற வருடத்தில் யாராவது தொழுவுரம் அடிப்போமா? அதனால், திருத்தியவனுக்கே என்றைக்கும் சொந்தம் என்று 743-ல் மாற்றினார். அதில் ஏழைகளைவிடப் பெரிய கோயில்களும் பிரபுக்களும்தான் அதிகம் வளைத்துப் போட்டார்கள் என்பது பின்கதை.

இரண்டாவது காரியம், அதே வருடம் இந்தப் புத்தரைச் செய்வதாக எடுத்த சங்கல்பம். ஒரு புல்லோ, ஒரு பிடி மண்ணோ கொண்டு வருகிறவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். ஜனங்களைத் திரட்ட அவர் கூப்பிட்டது கியோகி என்ற துறவியை. ஊர் ஊராகப் போய்க் குளம் வெட்டி, கரை கட்டி, பாலம் போட்டுக் கொடுத்தவர் கியோகி. ஒசாகா பக்கம் இருக்கிற சயாமா ஏரியை 731-ல் செப்பனிட்டவரும் அவர்தான். அந்த ஏரியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது. ஜனம் அவர் பின்னால் போனதைக் கண்டு அரசாங்கமே முன்பு அவரைத் தடுத்தது. பிறகு அவரில்லாமல் காரியம் ஆகாது என்று அதே அரசாங்கம் தேடி வந்தது.

752-ல் புத்தருக்குக் கண் திறந்தவர், நம் தென்னாட்டிலிருந்து சீனா வழியாக 736-ல் அங்கே போய்ச் சேர்ந்த போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமாக ஒரு நீல நிறப் பட்டுக்கயிறு கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம். ஒரு கை எழுதினாலும் எல்லோரும் எழுதிய கணக்கு. அந்தத் தூரிகையையும் கயிற்றையும் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவை இருந்த களஞ்சியம் ஷோசோயின், கோயிலுக்குப் பின்புறம் இருக்கிறது. ஈரமும் எலியும் அண்டாமல் ஆள் உயரத்துக்கு மேல் தூண்கள் நிறுத்தி அதன்மேல் கட்டிய மர வீடு. வரி நெல்லைப் போட்டுவைக்கிற களஞ்சியங்களைத்தான் அந்தக் காலத்தில் ‘ஷோசோ’ என்றார்கள். நம் வீட்டுப் பத்தாயத்துக்குக் கால் வைத்த மாதிரி.

தவிட்டு அப்பளமும் வணங்கும் மானும்

கோயிலைச் சுற்றிய பூங்கா முழுக்க மான்தான். 1,200-க்கும் மேல். யாரும் வளர்ப்பதில்லை, எல்லாம் காட்டு மான். 768-ல் கசுகா கோயில் அமைந்தபோது, அந்தச் சாமி வெள்ளை மானில் ஏறி வந்தது என்பது ஐதீகம். அதிலிருந்து மான் சாமியின் வாகனம். கொன்றால் கடும் தண்டனை. செத்த மான் வாசலில் கிடந்தால் பழி வந்துவிடும் என்று பயந்தே நாராக்காரர்கள் விடியுமுன் எழுந்து வாசலைப் பார்ப்பார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். யுத்தம் முடிந்த 1945-ல், பட்டினியில் மான் குறைந்து 79-தான் மிஞ்சியது. 1957-ல் இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்றினார்கள்.

மானுக்குக் கொடுக்க ஒரு கட்டு 200 யென்னுக்கு அப்பளம் மாதிரி விற்கிறார்கள். அரிசித் தவிடும் மாவும் கலந்தது. அதைத் தவிர வேறு எதையும் கொடுக்கக் கூடாது. குனிந்தால் மானும் தலையைக் குனிகிறது. என் வீட்டம்மா நாலு தடவை கும்பிட வைத்துவிட்டு அப்பளத்தைக் கொடுக்காமல் சிரிக்க, ஒரு கிழட்டுப் பெட்டைமான் பின்னால் வந்து முந்தானையைக் கடித்து இழுத்துவிட்டது. ‘ஏனுங்க, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே!’ என்று சத்தம் போட்டாள். ஆசைகாட்டி ஏமாற்றினால் கடிக்கும். உடனே கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினால் போய்விடும். இலையுதிர் காலத்தில் கிடாக்கள் முரட்டுத்தனமாக இருக்கும். அதனால்தான் அக்டோபரில் கொம்பறுப்பு விழா நடத்துகிறார்கள். 300 வருடத்துக்கு மேலான வழக்கம்.

பிளாஸ்டிக் பையைக் கீழே விட்டுவிடாதீர்கள். 2019-ல் செத்த ஒரு மானின் வயிற்றில் 4.3 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. நம் ஊர் மாடுகளுக்கு நடப்பதுதான் அங்கேயும்.

புல்தரையைக் கொஞ்சம் கவனியுங்கள். அறுத்துவிட்ட மாதிரி இருப்பது மான் மேய்ந்ததால்தான். புழுக்கையைச் சாணவண்டு மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. மரங்களின் கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில், கோடு போட்ட மாதிரி நிற்கின்றன. மானின் வாய் எட்டுகிற உயரம் அது. அதற்குக் கீழே ஒரு புதர் மட்டும் செழிப்பாக இருந்தது. ‘அசெபி’ என்றாள் மகள். விஷம் உள்ளதால் மான் தொடாதாம். நம் ஆடாதொடை மாதிரி.

வேலிக்கு உள்ளே ஒரு அம்மா

தோதாய்ஜியிலிருந்து கசுகா கோயிலுக்கு 25 நிமிடம் நடை. கல் விளக்குகளும் தொங்கும் வெண்கல விளக்குகளுமாக 3,000 விளக்குகள். பின்னால் இருக்கிற மலைக்காட்டில் 841-லிருந்தே வேட்டையும் மரம் வெட்டுவதும் தடை. உங்கள் வீட்டுக்காரர் இதற்குப் பஸ்ஸில் வருவதே நல்லது.

நாங்கள் அங்கிருந்து தெற்கே, குடியிருப்புகள் வழியாக நடந்தோம். ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் அரை சென்ட் முள்ளங்கிப் பாத்தி. சுற்றிலும் என் நெஞ்சு உயரத்துக்கு மேல் வலை, மூங்கில், கீழே தகரம். உள்ளே வயதான அம்மா ஒருவர் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் வேலியைத் தொட்டுப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வேலியைக் காட்டினார், தெருமுனையில் நின்ற மானைக் காட்டினார், சிரித்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டார். நான் செல்போனில் என் சோளக்காட்டுப் படத்தைக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் மூலமாக எத்தனை ஏக்கர் என்று கேட்டார். பிறகு ஒரு முள்ளங்கியைத் துடைத்து வேலிக்கு மேலால் என்னிடம் நீட்டினார்.

பூங்காவுக்கு வெளியே நிலம் வைத்திருந்தவர்கள் 1979-ல் கோர்ட்டுக்கே போனார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். ‘சாமி மான் என்றால் நஷ்டத்தையும் சாமி தரப்பே தரட்டும்’ என்பதுதான் வழக்கின் சாரம். 1985-ல் சமரசம் ஆனது. கோயிலும் பூங்காவும் இருக்கிற இடத்தில் முழுப் பாதுகாப்பு, வெளியே போகப் போகக் கட்டுப்பாடு தளர்வு என்று மண்டலம் பிரித்தார்கள். வெகு வெளியே இருக்கிற மண்டலத்தில் 2017 முதல் எண்ணிக்கை வைத்துப் பிடிக்கவும் அனுமதித்தார்கள். வெள்ளாமையை மேய்ந்து பழகிய மான்களைப் பிடித்துத் தனிப் பட்டியில் அடைக்கிறார்கள். நம் மாநிலத்திலும் 2025-ல் காட்டுப்பன்றிக்கு, காட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து மண்டலம் பிரித்தார்கள்.

1,250 வருடமாகச் சாமியாகக் கும்பிடுகிற ஊரிலேயே, மான் சண்டை தீரவில்லை. ஆனால், மான் வேண்டும் என்கிறவரும் முள்ளங்கி வேண்டும் என்கிறவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார்கள். அதில் முதல் அடி, பாதிக்கப்பட்டவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டது. ஊருக்குத் திரும்பிய பிறகு, எங்கள் பள்ளத்தில் 14 பேர் சேர்ந்து, யார் காட்டில் எந்தத் தேதியில் எவ்வளவு சேதம் என்று ஒரே நோட்டில் படத்தோடு எழுத ஆரம்பித்திருக்கிறோம். தனித்தனியாக மனுக் கொடுத்தபோது கிடைக்காத பதில், நோட்டோடு போனபோது கிடைத்தது. அதிகாரிகள் இரண்டு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

உங்கள் பயணத்துக்குச் சில குறிப்புகள்

* காலை: தோதாய்ஜி. முடிந்ததும் மேலே நிகட்சுதோ மண்டபம். படி ஏற வேண்டும், ஆனால் கட்டணம் இல்லை. திண்ணையில் உட்கார்ந்தால் ஊர் முழுக்கத் தெரியும். மூட்டுவலி அதிகமானால் இதை விட்டுவிடுங்கள்.

* மதியம்: சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். புளிசோறு, எலுமிச்சைச் சோறு கெடாது. காய்கறிக் குழம்பு என்று கடையில் கொடுப்பதிலும் மீன் சாறு கலந்திருக்கும். சீமைப்பனிச்சை இலையில் மடித்த சோறு அந்த ஊர் விசேஷம், அதற்குள்ளும் மீன்தான். நவம்பரில் அந்தப் பழமே கிடைக்கும், தாராளமாகச் சாப்பிடலாம். மானின் கண்ணில் படாமல் சாப்பிடுங்கள்.

* பிற்பகல்: பஸ்ஸில் கசுகா கோயில். திரும்பும் வழியில் கோஃபுகுஜியின் ஐந்தடுக்குக் கோபுரம் 50 மீட்டர் உயரம். பழுதுபார்ப்பு வேலைக்காக மூடிக் கட்டியிருக்கிறார்கள். தெரியவில்லையே என்று ஏமாற வேண்டாம்.

* தோதாய்ஜி மண்டபத்துக்கு ஆளுக்கு 800 யென். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். குப்பைத்தொட்டி எளிதில் கிடைக்காது. ஒரு துணிப்பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

* மாலை 4 மணிக்கே ஸ்டேஷனுக்குத் திரும்புங்கள். நவம்பரில் 5 மணிக்கு இருட்டிவிடும்.

வேலிக்குள் யாராவது முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தால், உங்கள் வயல் படத்தைக் காட்டுங்கள். பேச்சு தானாக வரும்.